நாலு நாற்காலி - வாஷிங்டன், 1919

ஆபீஸில் ஆணி ரொம்ப அதிகம். அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. யாரும் தேடின மாதிரியும் தெரியலை, அது வேற விஷயம் :-)

இன்னைக்கு வரலாறு. ஆனா ஆரம்பிக்கிறது எங்க ஆபீஸில்.

மூணு மாசம் முன்னாடி எங்க கம்பெனியில் ஒரு குழு அமைச்சாங்க. ஒவ்வொரு ஃப்ளோரிலிருந்தும் ஒரு ஊழியர் பிரதிநிதி, ஹெச்.ஆர். பக்கம் ரெண்டு பேர், மேலே ஒரு பெரிய தலை. மாசம் ஒரு தடவை உட்கார்ந்து வேலை நேரம், கேப் வசதி, லீவு எல்லாம் பேசணும். எங்க ஃப்ளோருக்குப் பிரதிநிதி அடியேன்தான். எப்படி ஆனேன்னு கேக்காதீங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் என் சீட்டுக்கு வந்து, "நீ நல்லா பேசுவே, பிரச்சினையும் பண்ண மாட்டே, உன் பேரைக் குடுத்துட்டேன்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

முதல் மீட்டிங்கில் ராத்திரி கேப் பற்றிக் கேட்டாங்க. "ஒண்ணும் பிரச்சினை இல்லை சார், நல்லாத்தான் போயிட்டிருக்கு" என்று சொல்லிட்டு வந்தேன். நான் பைக்கில் போறவன்.

மறுநாள் டெஸ்டிங் டீமிலிருந்து ஒரு தோழி என் சீட்டுக்கு வந்தார். "ஒன்பதரை கேப்பைப் பத்து மணிக்கு மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு. தினம் அரை மணி நேரம் கீழே கேட்டுக்கிட்ட நிக்கிறோம். நல்லா போயிட்டிருக்குன்னு சொன்னியாமே? உன்னை யாரு தேர்ந்தெடுத்தா?"

பதில் சொல்லத் தெரியலை. நிஜமாவே தெரியலை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம இந்த மாதிரி முத்தரப்புக் கூட்டங்கள் எங்கே ஆரம்பிச்சதுன்னு தேட ஆரம்பிச்சேன். அரசு, முதலாளி, தொழிலாளி மூணு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் கூட்டம். தேடல் 1919இல் வாஷிங்டனில் கொண்டுபோய் விட்டது. அந்தத் தோழி கேட்ட அதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஜப்பான்காரன் கேட்டிருக்கான், ஹாலந்துக்காரன் கோர்ட்டுக்கே போயிருக்கான், நம்ம ஊர்ல அந்தக் கேள்வியிலிருந்து ஒரு தேசிய தொழிற்சங்கமே பிறந்திருக்கு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

கூட்டத்துக்கு முன்னாடி ஒரு கூட்டம்

முதல் உலகப் போர் முடிஞ்ச கையோடு 1919 ஜனவரியில் பாரிஸில் சமாதான மாநாடு. ரஷ்யாவில் புரட்சி நடந்து ஒண்ணரை வருஷம்கூட ஆகலை. ஐரோப்பா முழுக்க வேலைநிறுத்தம். போர்க்களத்திலிருந்து திரும்பி வந்த தொழிலாளி சும்மா இருக்கப் போவதில்லை என்று எல்லா அரசுகளுக்கும் தெரியும். அதனால் சமாதானப் பேச்சுவார்த்தைக்கு நடுவிலேயே சர்வதேச தொழிலாளர் சட்டத்துக்கென்று ஒரு ஆணையம் போட்டார்கள். ஒன்பது நாடுகள், பதினைந்து உறுப்பினர்கள். தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர், சுருட்டு சுற்றும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பிப்ரவரியிலிருந்து மார்ச் வரை உட்கார்ந்து, சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது இன்னைக்கு நாம் ஐ.எல்.ஓ. என்று சொல்வதற்கு, வரைவு எழுதினார்கள். அது சில திருத்தங்களோடு வெர்சாய் ஒப்பந்தத்தின் 13ஆம் பகுதியாகப் போனது.

அங்கே நடந்த பெரிய சண்டை எட்டு மணி நேர வேலை பற்றி இல்லை. நாற்காலி பற்றி.

ஒரு நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம்? யாருக்கு எத்தனை ஓட்டு? பிரிட்டிஷ் வரைவில் அரசுக்கு ரெண்டு ஓட்டு, முதலாளிக்கு ஒண்ணு, தொழிலாளிக்கு ஒண்ணு. சட்டத்தை ஊரில் போய் நிறைவேற்றப் போவது அரசுதானே, அதுக்குக் கூடுதல் எடை வேண்டாமா என்பது அவர்கள் வாதம். காம்பர்ஸ் ஒத்துக்கலை. ஒண்ணுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு என்றார். அவர் கணக்கு எளிது: அரசும் முதலாளியும் சேர்ந்தால் மூணு, தொழிலாளி தனியாக ஒண்ணு. அப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?

கடைசியில் ஜெயித்தது ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. நாட்டுக்கு நாலு நாற்காலி. ஆனால் அந்த நாலு நாற்காலியைச் சுற்றி சில விதிகளையும் எழுதி வைத்தார்கள். புரோகிராமர் கண்ணோடு பார்த்தால் எனக்கு இந்த விதிகள்தான் ரொம்பப் பிடித்தது.

ஒன்று: நாலு பேரும் தனித்தனியாக ஓட்டுப் போடலாம். நாட்டுக்கு ஒரே ஓட்டு கிடையாது. ஒரு நாட்டின் தொழிலாளி பிரதிநிதி தன் சொந்த அரசுக்கு எதிராகவே கை தூக்கலாம். அதுவரை ராஜாங்க மாநாடுகளில் இல்லாத பழக்கம் இது.

இரண்டு: ஒரு அரசு முதலாளியை மட்டும் அனுப்பிவிட்டுத் தொழிலாளியை அனுப்பாமல் விட்டால், வந்த முதலாளி உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. தொழிலாளியை மட்டும் அனுப்பினாலும் இதே கதைதான். ஒரு ஃபீல்டை காலியாக விட்டால் இன்னொரு ஃபீல்டும் செல்லாது! 1919இல் எழுதின வேலிடேஷன் இது.

மூன்று: அரசு அல்லாத பிரதிநிதிகளை, அந்த நாட்டின் மிக அதிகப் பிரதிநிதித்துவம் உள்ள தொழில் அமைப்புகளோடு ஒத்துப்போய்த்தான் அரசு தேர்வு செய்யணும். "அப்படி அமைப்புகள் இருந்தால்" என்று ஒரு வால் உண்டு. இந்த வாலை ஞாபகம் வெச்சுக்கோங்க, நமக்கு அப்புறம் தேவைப்படும்.

நான்கு: பெண்களைப் பாதிக்கும் விஷயம் பேசப்படும்போது, கூட வரும் ஆலோசகர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கேப் விஷயத்தைப் பேசின என் மீட்டிங்கில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்னு நான் சொல்லப் போறதில்லை.

அழைத்தவர் படுக்கையில்

இனி கல்யாண வீட்டு ஏற்பாடு. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலேயே இடம் வாஷிங்டன், மாதம் அக்டோபர் 1919 என்று அச்சாகிவிட்டது. பேச வேண்டிய அஞ்சு விஷயங்களும் அங்கேயே இருந்தன: எட்டு மணி நேர வேலை நாள், வேலையில்லாத் திண்டாட்டம், பெண்களின் வேலை, குழந்தைகளின் வேலை, தீப்பெட்டியில் வெள்ளை பாஸ்பரஸைத் தடை செய்வது உள்ளிட்ட 1906 பெர்ன் ஒப்பந்தங்களை விரிவாக்குவது. ஏற்பாட்டுக்கு ஏழு நாட்டு ஆட்களைக் கொண்ட ஒரு குழு. தலைவர் பிரான்சின் ஆர்தர் ஃபோன்டேன். ஓடியாடி வேலை பார்த்த செயலாளர் பிரிட்டிஷ் அதிகாரி ஹெரால்ட் பட்லர்.

பட்லர் முதலில் செய்தது, எல்லா அரசுகளுக்கும் ஒரு கேள்விப்பட்டியல் அனுப்பியது. உங்க நாட்டில் இப்போ எத்தனை மணி நேரம், எந்தத் தொழிலுக்கு என்ன சட்டம், எதை ஏத்துப்பீங்க என்று. வந்த பதில்களைத் தொகுத்து அறிக்கையாக்கினார்கள். மாநாட்டில் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டுதான் பேச்சே தொடங்கியது. ஐ.எல்.ஓ. இன்றுவரை இதே முறையில்தான் புதிய உடன்படிக்கைக்குத் தயாராகிறது. அஜெண்டா இல்லாமல் மீட்டிங் இன்வைட் அனுப்பும் புண்ணியவான்கள் கவனிக்க.

இதுவரை எல்லாம் சரி. அப்புறம்தான் வரிசையாக இடி.

வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஆனால் இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தது 1920 ஜனவரி 10. அதாவது, சட்டப்படி இன்னும் பிறக்காத ஒரு அமைப்பின் மாநாடு இது. அடுத்து, அமெரிக்க செனட் ஒப்பந்தத்தை ஏற்கவே இல்லை. மாநாட்டைக் கூட்ட ஜனாதிபதிக்கு அனுமதி உண்டு, ஆனால் செனட் ஒப்பந்தத்தை ஏற்கும்வரை அமெரிக்கா சார்பில் பிரதிநிதி போட முடியாது. வீட்டுக்காரரே பந்தியில் உட்கார முடியாத விருந்து! அதற்கும் மேல், அழைப்பு விடுத்த ஜனாதிபதி உட்ரோ வில்சன் அக்டோபர் 2ஆம் தேதி பக்கவாதத்தில் விழுந்தார்.

பட்லரும் அவர் சகாவான எட்வர்ட் ஃபீலனும் வாஷிங்டன் வந்து பார்த்தால் ஆபீஸ் இல்லை, ஆள் இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அப்போது கை கொடுத்தவர் கடற்படைத் துறையில் உதவிச் செயலாளராக இருந்த ஒரு இளைஞர். கடற்படைக் கட்டடத்தில் அறைகளை ஒதுக்கிக் கொடுத்தார். பெயர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ஆமாம், பின்னாடி ஜனாதிபதி ஆன அதே ரூஸ்வெல்ட். 1934இல் அமெரிக்கா ஐ.எல்.ஓ.வில் சேர்ந்தது அவர் ஆட்சியில்தான்.

ஜெர்மனி, ஆஸ்திரியா இன்னொரு தலைவலி. தோற்ற நாடுகளை அழைக்கலாமா? அவர்களைச் சேர்க்கவில்லை என்றால் நாங்களும் வர மாட்டோம் என்று ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் அடம் பிடித்தன. ஒரு வருஷம் முன்புவரை எதிரெதிர் பதுங்குகுழியில் இருந்தவர்கள்! மாநாடு தொடங்கியதும் முதல் வேலையாக ரெண்டு நாட்டையும் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். ஆனால் பயண ஏற்பாடு கைகூடாமல் ஜெர்மன் பிரதிநிதிகளால் வந்து சேர முடியவில்லை. கொள்கையில் ஜெயித்து டிக்கெட்டில் தோற்ற கதை.

இத்தனைக்கும் பிறகு 1919 அக்டோபர் 29ஆம் தேதி, பான் அமெரிக்கன் யூனியன் கட்டடத்தில் மாநாடு தொடங்கியது. சுமார் 40 நாடுகள். தலைமை அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலாளர் வில்லியம் வில்சன். (முந்தின நாள்தான் அமெரிக்காவில் மதுவிலக்கை அமல்படுத்தும் வோல்ஸ்டெட் சட்டம், ஜனாதிபதியின் மறுப்பையும் மீறி நிறைவேறியிருந்தது. பிரெஞ்சு, இத்தாலியப் பிரதிநிதிகளின் முகத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க.)

யார் அந்தத் தொழிலாளி?

இப்போ தோழியின் கேள்விக்கு வருவோம். உன்னை யாரு தேர்ந்தெடுத்தா?

ஜப்பான் அரசு தொழிலாளி பிரதிநிதி நாற்காலிக்கு ஆள் தேடியது. அங்கே யூஐகாய் என்ற தொழிலாளர் சங்கம் இருந்தது, அதன் தலைவர் சுசுகி புஞ்சி. ஆனால் அரசு அவர்களைத் தேர்வு செய்ய விடவில்லை. தானே ஒரு தேர்வு முறையை உண்டாக்கி, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தகானோ இவாசபுரோவைக் கேட்டது. அவர் முதலில் ஒத்துக்கொண்டார். சங்கத்திலிருந்து எதிர்ப்பு வந்ததும் விலகினார். அதோடு நிற்காமல் பல்கலைக்கழக வேலையையும் விட்டார். பிறகு அரசு அனுப்பியது மசுமோட்டோ உஹேய் என்பவரை. கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளர்! தொழிலாளி இல்லை, மேலாளர் வர்க்கம். சங்கங்கள் தெருவில் இறங்கி எதிர்த்தும் அவர் கப்பல் ஏறினார்.

இதைப் படிக்கும்போது எனக்கு முகம் சுட்டது உண்மை. நானும் ஒரு இன்ஜினியர்தான், மேலிருந்து பெயர் கொடுக்கப்பட்டவன்தான். தகானோவுக்கு இருந்த சொரணை எனக்கு ஏன் வரலைன்னு ஒரு கேள்வி.

இந்தியாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தாலும் இந்தியாவுக்கும் நாலு நாற்காலி. அரசு சார்பில் இந்தியா ஆபீஸின் லூயிஸ் கெர்ஷாவும், ஐ.சி.எஸ். அதிகாரி அதுல் சட்டர்ஜியும். முதலாளி சார்பில் கல்கத்தாவைச் சேர்ந்த பிரிட்டிஷ் வியாபாரி ஏ.ஆர். முர்ரே. தொழிலாளி சார்பில் பம்பாயின் என்.எம். ஜோஷி. அவருக்கு ஆலோசகராக பி.பி. வாடியா.

வாடியா பெயரைப் பெரம்பூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பம்பாயில் பிறந்த பார்சி, அடையாறு பிரம்மஞான சபைக்காரர், அன்னி பெசன்ட்டின் சகா. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் மில் தொழிலாளிகளின் கஷ்டத்தைப் பார்த்து, அடையாறு வரை போய் அவரைக் கூட்டி வந்தார்கள். திரு.வி.க.வும் அந்தச் சங்கத்தில் தோள் கொடுத்தவர். பின்னி மில் தொழிலாளிகள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒன்றரை வருஷத்தில் வாஷிங்டனில் இருக்கிறார்.

ஜோஷியும் தொழிலாளி இல்லை. கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த சமூக சேவகர். அவரை எந்தத் தொழிற்சங்கமும் தேர்வு செய்யவில்லை, அரசுதான் நியமித்தது. ஏன்? நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அந்த வால்தான் காரணம். "அப்படி அமைப்புகள் இருந்தால்." இந்தியா முழுமைக்கும் அப்படி ஒரு அமைப்பு அப்போது இல்லை. இல்லாத அமைப்போடு எப்படிக் கலந்தாலோசிப்பது? அரசுக்கு வசதியாகப் போயிற்று.

வாஷிங்டனில் நம்மாட்களுக்கு என்ன கிடைத்தது? மாநாட்டின் முதல் உடன்படிக்கை, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதன் 10ஆவது பிரிவு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி நேரம் என்றது. ஜப்பானுக்கு 57, பட்டு நூற்பாலைக்கு 60. சீனா, பாரசீகம், சயாம் மூன்றுக்கும் உடன்படிக்கையே பொருந்தாது. குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாத வயது உலகத்துக்கு 14, இந்தியாவுக்கு 12, அதுவும் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும்.

படிக்கும்போது கோபம் வரத்தான் செய்யும். வெள்ளைத் தோலுக்கு எட்டு மணி, நமக்குப் பத்து மணியா? ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 1911 தொழிற்சாலைச் சட்டப்படி ஜவுளி ஆலைகளில் வயது வந்த ஆணுக்கு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்கலாம். ஆறு நாளைக்கு 72. அதிலிருந்து 60 என்பது வாரத்துக்கு ஒரு முழு நாள் மிச்சம். இந்தியா அந்த உடன்படிக்கையை 1921 ஜூலையில் ஏற்றது, 1922இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு 60 மணி நேர வரம்பு வந்தது. உலகத்துக்கே எட்டு மணி நேரம் எழுதிக் கொடுத்த பிரிட்டன் அந்த முதல் உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. மாநாட்டை நடத்திய அமெரிக்காவும்தான்!

மொத்தம் ஆறு உடன்படிக்கை, ஆறு பரிந்துரை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஆறு ஆறு வாரம் விடுப்பு என்ற கொள்கை அங்கே எழுதப்பட்டது. அதைப் பேசின இடத்தில் பெண்கள் பெரும்பாலும் ஆலோசகர்களாகத்தான் இருந்தார்கள். போதாது என்று, மாநாடு தொடங்குவதற்கு முந்தின நாளே அதே வாஷிங்டனில் உழைக்கும் பெண்களின் சர்வதேச மாநாடு ஒன்றைத் தனியாகக் கூட்டினார்கள், மார்கரெட் டிரையர் ராபின்ஸ் தலைமையில். நாற்காலி தராவிட்டால் பக்கத்திலேயே சொந்தமாகப் பந்தல் போட்டுவிட்டார்கள்.

காலி நாற்காலியின் சக்தி

இங்கேதான் கதை திரும்புது. எனக்கு இந்தப் பதிவை எழுதணும்னு தோணினதே இதனால்தான்.

அரசு நியமித்த ஆள் நம் பிரதிநிதி ஆக முடியாது, அடுத்த மாநாட்டுக்கு நாங்களே ஆள் அனுப்புவோம் என்று இந்தியத் தொழிற்சங்கங்கள் கிளம்பின. அதற்கு அகில இந்திய அளவில் ஒரு அமைப்பு வேண்டும். 1920 அக்டோபர் 31ஆம் தேதி பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்தது. முதல் தலைவர் லாலா லஜபதி ராய். அது பிறக்க வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஜெனீவா நாற்காலிக்கு ஆள் அனுப்பும் உரிமை முக்கியமான ஒன்று. அரசு சாக்காகப் பயன்படுத்திய அந்த வாலைப் பிடித்தே மேலே ஏறிவிட்டார்கள். அமைப்பு இல்லையா, இந்தா அமைப்பு!

ஜப்பானிலும் வருஷா வருஷம் இதே சண்டை நடந்து, 1924இல் அரசு இறங்கி வந்தது. சங்கங்களே தேர்வு செய்ய, சுசுகி புஞ்சி ஜெனீவாவுக்குப் போனார்.

ஹாலந்தில் இன்னும் சுவாரசியம். 1921 மாநாட்டுக்கு, சுமார் 2 லட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்த பெரிய சம்மேளனத்தை விட்டுவிட்டு, தனித்தனியே அதைவிடச் சின்னதான, ஆனால் சேர்த்தால் சுமார் 2 லட்சத்து 82 ஆயிரம் வரும் மூன்று சங்கங்கள் ஒத்துக்கொண்ட ஆளை அரசு அனுப்பியது. பெரிய சம்மேளனம் எதிர்த்தது. விஷயம் ஹேக்கில் புதிதாகத் திறந்திருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1922 ஜூலை 31ஆம் தேதி அரசு செய்தது சரிதான் என்று நீதிமன்றம் கருத்து சொன்னது. அந்த நீதிமன்றத்தின் முதல் ஆலோசனைக் கருத்தே இதுதான். அங்கே முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி எல்லைத் தகராறு இல்லை, "தொழிலாளி சார்பாகப் பேச யாருக்கு உரிமை?"

முதலாளிகளும் சும்மா இல்லை. தொழிலாளர் தரப்புக்கு ஏற்கனவே சர்வதேச சம்மேளனம் இருந்தது, ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒரே குரலில் வந்தார்கள். அதைப் பார்த்த முதலாளிகள் 1920இல் தங்களுக்கும் ஒரு சர்வதேச அமைப்பு தொடங்கினார்கள். வேறு பெயரில் இன்றும் இருக்கிறது. இந்திய அரசும்கூட இதே பாடத்தைக் கற்றது. ஆட்சிக்குழுவில் முக்கியத் தொழில் நாடுகள் எட்டுக்கு நிரந்தர இடம் என்றார்கள், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. விடாமல் வாதாடி 1922இல் இடம் வாங்கியது.

வாஷிங்டனில் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்த அந்த ரெண்டு பேர் கதையையும் முடித்துவிடுகிறேன். 1920இல் பின்னி மில் தகராறில் வாடியா மேலும் சங்கத்தலைவர்கள் மேலும் நிர்வாகம் வழக்குப் போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு கொடுத்தது. சங்கம் வைத்து வேலைநிறுத்தம் என்றாலே நஷ்டஈடு கேட்டுத் தலைவரை முடக்கலாம் என்ற நிலை. வாடியா கடைசியில் தொழிற்சங்க வேலையிலிருந்து விலகினார். ஆனால் 1921இல் மத்திய சட்டசபையில் எழுந்து, தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது யார்? ஜோஷி. அந்தத் தீர்மானத்தின் தொடர்ச்சிதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். யாரும் தேர்ந்தெடுக்காத பிரதிநிதிதான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யாருக்காக அது போடப்பட்டது என்பதை மறக்கவில்லை.

ஒரு குட்டித் தகவல், நம்ம தொழில்நுட்ப மக்களுக்காக. இந்த மாநாடுகளில் ஒருத்தர் பேசி முடித்ததும் மொழிபெயர்ப்பாளர் எழுந்து முழுசாகத் திரும்பச் சொல்லுவார். நேரம் இரட்டிப்பு. பாஸ்டன் கடைமுதலாளி எட்வர்ட் ஃபைலீனும் பொறியாளர் கார்டன் ஃபின்லேயும் சேர்ந்து, டெலிபோன் கருவிகளை வைத்து, பேசும்போதே மொழிபெயர்ப்பைக் காதில் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். 1927இல் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டில் அது பயன்பட்டது. அந்த மாநாட்டுத் தலைவர், வாஷிங்டனுக்கு அரசு சார்பில் போன அதே அதுல் சட்டர்ஜி. இந்தியத் தொழிலாளி பிரதிநிதி வி.வி. கிரி, பிற்கால ஜனாதிபதி. எட்டு வருஷத்தில் நாற்காலிகள் எவ்வளவு நகர்ந்திருக்கு பாருங்க.

இன்னைக்கு

ஐ.எல்.ஓ. மாநாடு இப்பவும் ஜூன் மாசம் ஜெனீவாவில் நடக்குது. 2020இல் கொரோனாவால் தள்ளிப்போய், 2021இல் ஆன்லைனில் நடத்தினாங்க. இன்னும் அதே ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு.

எட்டு மணி நேரமும் முடிஞ்சுபோன கதை இல்லை. 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசியது அதற்கு அப்புறம்தான். பேசின பிறகு நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். முன்னாடியே கூப்பிட்டிருந்தால் ஒரு வாரக் கலாட்டா மிச்சம் ஆகியிருக்கும். ஒரு கூட்டத்தைத் திட்டமிடுவது என்றால் ஹாலும் டீயும் பிஸ்கட்டும் மட்டும் இல்லை. யாரை, எப்போ, யார் மூலமா கூப்பிடுறோம் என்பதில்தான் பாதி முடிவு இருக்கு.

சரி, என் கதை. போன மாசம் மேனேஜரிடம் போய், "சார், பிரதிநிதியை ஃப்ளோரே தேர்ந்தெடுக்கட்டுமே" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். "இப்ப என்ன பிரச்சினை உனக்கு?" என்றார். பிரச்சினை பண்ண மாட்டான் என்று நினைத்துப் போட்ட ஆள் இல்லையா! வேண்டாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஃப்ளோர் முழுக்கச் சுற்ற விட்டேன். அவரவர் விரும்பும் பெயரை எழுதி மடித்து ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். எனக்கு ஒன்பது ஓட்டு. (அதில் ஒன்று நானே போட்டது, மறைப்பானேன்.) டெஸ்டிங் தோழிக்கு இருபத்தாறு.

இந்த மாச மீட்டிங்கிற்கு அவர்தான் போனார். ஒன்பதரை கேப் இன்னும் திரும்ப வரலை. "பரிசீலிக்கிறோம்" என்று எழுதி வாங்கி வந்திருக்கிறார். நான் போயிருந்தால் அந்த வரிகூட வந்திருக்காது. தகானோ மாதிரி வேலையை விடுற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை, ஹோம் லோன் இருக்கு. நாற்காலியை விட மட்டும் முடிஞ்சது.

உங்க ஆபீஸில் இந்த மாதிரி குழு இருக்கா? அதில் உங்க சார்பா உட்கார்ந்திருக்கிறவர் யார்னு தெரியுமா? பின்னூட்டத்தில் சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், சாமி. என் வேலையும் உங்க வேலையும் பத்திரமா இருக்கட்டும் :-)